கபாலா: சிவப்புக் கயிறும் ஸோஹரும்

கேள்வி: கையில் சிவப்புக் கயிறு கட்டுவதுதானே கபாலா?

பதில்: இல்லை. கண் படாமல் இருக்கக் கட்டும் நாட்டார் வழக்கம் அது. விரலில் சிவப்பு நூல் கட்டுவதை யூத சட்டத் தொகுப்பான தொசெஃப்தா அந்நியர் பழக்கம் என்றே கண்டிக்கிறது. கபாலா என்றால் ‘பெற்றுக்கொண்டது’, அதாவது குரு வழியாக வந்த யூத மறைஞான மரபு. எல்லையில்லாத இறைவன் இந்த உலகத்தோடு எப்படித் தொடர்பு கொள்கிறான் என்பதே அதன் கேள்வி. பத்து ‘செஃபிரோத்’ எனும் இறைநிலைகள் வழியாக என்பது அதன் பதில்.

கேள்வி: கபாலாவின் முதன்மை நூலான ஸோஹர் 2ஆம் நூற்றாண்டு நூலா?

பதில்: மரபு அப்படித்தான் சொல்கிறது, ரோமானியருக்கு அஞ்சிக் குகையில் ஒளிந்திருந்த ரபி (யூத மதகுரு) ஷிமோன் பார் யோஹாயின் நூல் என்று. ஆனால் அது வெளியே தெரிந்தது 1280களில், ஸ்பெயினின் காஸ்டில் பகுதியில். பரப்பியவர் கபாலா அறிஞர் மோசே டி லியோன். பழைய மூலப் பிரதி வீட்டில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன் என்று ஆக்ரே நகரக் கபாலா அறிஞர் ஐசக்கிடம் சத்தியம் செய்தவர், 1305இல் ஊர் திரும்பும் வழியிலேயே இறந்துபோனார். அந்தப் பிரதியைக் கொடுத்தால் உன் மகளை என் மகனுக்குக் கட்டிவைக்கிறேன் என்று ஒரு செல்வந்தர், டி லியோனின் விதவையிடம் கேட்டுப் பார்த்தாராம். “அப்படி ஒன்று இல்லவே இல்லை, எல்லாம் அவர் மனசிலிருந்து எழுதியது” என்றாராம் அந்த அம்மாள். இது ஐசக் பிறர் சொல்லக் கேட்டு எழுதியது. சாட்சியமாக அவ்வளவு வலுவில்லை. நூல் அவ்வளவு பழையதல்ல என்பதற்கு எனக்கு மொழிதான் பெரிய சாட்சி. ஸோஹரின் அரமேய மொழி பேச்சிலிருந்து வந்ததல்ல, ஏட்டிலிருந்து கற்றது. நடுக்கால எபிரேயம் அதில் கசிகிறது. ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம், டி லியோனே ஆசிரியர் என்றார். பின்னால் வந்த யெஹூதா லீபெஸ், ஒருவர் அல்ல, ஒரு குழு என்றார். நான் லீபெஸ் பக்கம்.

கேள்வி: நாற்பது வயதுக்கு முன் கபாலாவைப் படிக்கக் கூடாதாமே?

பதில்: அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் ஒரு சூடு இருக்கிறது. 1665இல் கபாலாவின் பேரால் மெசியா (யூதர்கள் எதிர்பார்க்கும் மீட்பர்) என்று கொண்டாடப்பட்ட ஷபதாய் ஸ்வி, மறு ஆண்டே ஓட்டோமன் சுல்தானின் அவையில் இஸ்லாத்துக்கு மாறினார். அப்புறம் அதே வழியில் யாக்கோப் பிராங்க் கிளம்பினார். சரி, போதும் என்று 1756இல் பிராடி நகரில் (இன்று உக்ரைன்) கூடிய ரபிகள், ஸோஹருக்கு 30, கபாலா குரு ஐசக் லூரியாவின் போதனைகளுக்கு 40 என்று வயது வைத்தார்கள். சஃபேத் (இன்று இஸ்ரேல்) ஊரில் அந்தப் போதனைகளைச் சொல்லிக்கொடுத்த லூரியா, 1572இல் இறந்தபோது அவருக்கு வயது 38.