அட்ரசின் அச்சுப் பாலிமர் மணியாக வராமல் கட்டியாகிறது: பதில்

அட்ரசின் என்ற களைக்கொல்லியை அச்சாக வைத்து, அதன் வடிவில் குழிகள் விழும்படி செய்யும் பாலிமர் தனித்தனி மணிகளாக வராமல் ஒரே கட்டியாகிறது என்று கேட்டிருந்தீர்கள். கரைப்பானைக் கூட்டுங்கள். மெத்தக்ரிலிக் அமிலமும் (அட்ரசினைப் பிடிக்கும் மோனோமர்) ஈஜிடிஎம்ஏவும் (குறுக்கே இணைக்கும் மோனோமர்) சேர்த்து 1 கிராமுக்கு 5 மில்லி அசிட்டோநைட்ரில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அடர்த்தியில் அல்வா மாதிரி மொத்தமாக இறுகத்தான் செய்யும். அதே 1 கிராமுக்கு 40 மில்லி ஊற்றுங்கள். மணிகள் தனித்தனியே வளர இடம் கிடைக்கும்.

காந்தக் கலக்கியும் ஒரு காரணமாக இருக்கலாம். வேகமாகச் சுற்றினால் மணிகள் மோதி ஒட்டிக்கொள்ளும். நைட்ரஜன் விட்டு மூடிய குழாயை 60 டிகிரியில் மெல்ல உருட்டினால் போதும்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க: தெளிந்த கரைசல் முதலில் லேசாக மங்கி, பிறகு பால்போல வெளுக்க வேண்டும். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பாருங்கள், உருண்டைகள் தெரியும். ஒன்றுமே மங்காவிட்டால், வினையைத் தொடங்கிவைக்கும் ஏஐபிஎன்னைச் சந்தேகப்படுங்கள். பாளையங்கோட்டை வெயிலில் அதை மேசைமேல் வைக்கவே கூடாது, குளிர்பெட்டியில்தான்.

தண்ணீரில் துளிகளாகக் கலக்கிச் செய்யும் சஸ்பென்ஷன் முறைக்கு அவசரப்பட்டுத் தாவாதீர்கள். அட்ரசினுக்கும் அமிலத்துக்கும் இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்பை நீர் குலைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: மெத்தனால், அசிட்டிக் அமிலம் 9:1 கலவையில் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் அட்ரசின் உள்ளேயே தங்கும். அட்ரசின் இருக்கிறதா என்று நீங்கள் சோதிக்கப்போவது தாமிரபரணித் தண்ணீர். மணியிலிருந்து கசிவதை ஆற்றின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. புரோபசின் போன்ற ஒத்த மூலக்கூறை அச்சாக வைத்தால் அந்தக் கவலை இல்லை. அச்சு மூலக்கூறே சேர்க்காத மணியையும் கூடவே செய்து ஒப்பிடுங்கள்.