குதிரைச் சவாரிக்காகவே வெளிநாடு போவதென்றால் எந்த நாட்டுக்குப் போகலாம்?

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவு: ஊட்டியில் குதிரை ஏறியிருக்கிறீர்கள், இப்போது வார இறுதிகளில் வகுப்புக்குப் போகிறீர்கள், ட்ராட் (குதிரையின் துள்ளு நடை) வருகிறது, கேன்டர் (அதைவிட வேகமான பாய்ச்சல் ஓட்டம்) என்றால் இன்னும் பயம். மனைவி குதிரை ஏறியதே இல்லை. கையில் ஒரு வாரம் விடுமுறை. ஐஸ்லாந்து, மங்கோலியா, கிர்கிஸ்தான் மூன்றில் எது?

என்னைக் கேட்டால் கிர்கிஸ்தான், அதிலும் சோங்-கோல் ஏரி.

முதலில் ஊட்டியை மறந்துவிடுங்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, நாம் மேலே உட்கார்ந்திருந்ததெல்லாம் சவாரிக் கணக்கில் சேராது. பல நாள் பயணத்தில் தினமும் நாலைந்து மணி நேரம் சேணத்தில் இருக்க வேண்டும், மறுநாள் காலையில் தொடை வலியோடு திரும்பவும் ஏற வேண்டும். அதனால் நாட்டின் புகைப்படங்களைப் பார்த்து முடிவெடுக்காமல், அங்கே எந்த வேகத்தில் போகிறார்கள் என்று பாருங்கள்.

ஐஸ்லாந்துக் குதிரை அருமையான குதிரை, மறுக்கவில்லை. டோல்ட் என்று அதற்கே பேர்போன ஒரு நடை உண்டு, எப்போதும் ஒரு குளம்பாவது தரையில் இருக்கும் என்பதால் ட்ராட் மாதிரி தூக்கிப் போடாது. ஆனால் அங்கே பல நாள் பயணம் என்றால் பெரும்பாலும் ஆளில்லாத குதிரைகளையும் கூட்டமாக ஓட்டிக்கொண்டு, நடுவில் குதிரை மாற்றி மாற்றி, நல்ல வேகத்தில் போவார்கள். கேன்டருக்குப் பயப்படுகிறவர் அதில் சேர்ந்தால் தானும் கஷ்டப்பட்டு மற்றவர்களையும் படுத்துவார். ஒன்றிரண்டு மணி நேரச் சவாரிகள் தாராளமாகக் கிடைக்கும், அதற்காக மட்டும் அவ்வளவு செலவு செய்ய எனக்கு மனம் வராது. இன்னொன்று, நோய் வரக்கூடாது என்பதற்காக அங்கே வெளிக் குதிரைகளை உள்ளே விடுவதில்லை, நாட்டை விட்டுப் போன குதிரையும் திரும்ப முடியாது. நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்திய தோல் சேணம், கையுறை எதையும் கொண்டுபோகக் கூடாது.

மங்கோலியாவுக்கு ஒரு வாரம் போதாது, அதில் பாதி நாட்கள் வண்டியிலேயே போய்விடும். ஜூலை 11 முதல் நாடாம் திருவிழா, அப்போது அறையும் வண்டியும் கிடைப்பது சிரமம். மரத்தில் செய்த அவர்களுடைய சேணமும் நமக்குப் பழக்கமில்லாதது.

சரி, சோங்-கோல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரி, சுற்றிலும் மரமே இல்லாத புல்வெளி. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆடு மாடு குதிரைகளோடு மேய்ப்பர்கள் மேலே வந்து கூடாரம் போட்டுத் தங்குவார்கள், நீங்களும் அந்தக் கூடாரங்களில்தான் தங்குவீர்கள். கிசார்ட் கிராமப் பக்கமிருந்து குதிரையில் கிளம்பினால் இரண்டு மூன்று நாளில் போய் வரலாம், பெரும்பாலும் குதிரை மெதுவாக நடக்கும் வேகம்தான், ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் யாரும் விரட்டுவதில்லை. குதிரைகள் சிறியவை, மலையில் கால் தவறாதவை. கோச்கோர் ஊரிலேயே வழிகாட்டியும் குதிரையும் ஏற்பாடு செய்து கொடுக்கிறார்கள். ஜூலையிலும் இரவில் குளிர் நடுக்கும், கழிப்பறை வெளியே தள்ளி இருக்கும். சைவம் என்றால் ரொட்டி, ஜாம், உருளைக்கிழங்கு, பாலாடை என்று ஓட்ட வேண்டியதுதான். குமிஸ் என்று புளித்த குதிரைப்பால் கொடுப்பார்கள், மரியாதைக்கு ஒரு வாய் குடியுங்கள், முதல் நாளே கோப்பையைக் காலி செய்தால் வயிறு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது.

பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் எடை, உயரம், எவ்வளவு நாளாக ஏறுகிறீர்கள், விழுந்திருக்கிறீர்களா என்றெல்லாம் குடைந்து கேட்டால் நல்ல ஆள். ஒன்றுமே கேட்காமல் 'எல்லோரும் வரலாம்' என்று முன்பணம் கேட்டால் விட்டுவிடுங்கள், அவருக்குக் குதிரை மேலேயும் அக்கறை இருக்காது. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பலரும் சொல்லும் கணக்கு.

ஹெல்மெட்டை இங்கிருந்தே கொண்டுபோங்கள், அங்கே கொடுத்தாலும் அளவு பொருந்த வேண்டுமே. ஜீன்ஸ் வேண்டாம், உள்தையல் தொடையை உரித்துவிடும். சின்னக் குதிகால் உள்ள ஷூ கட்டாயம், இல்லாவிட்டால் விழும்போது பாதம் அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) நுழைந்து மாட்டிக்கொள்ளும், அதுதான் உண்மையான ஆபத்து. பயணக் காப்பீட்டில் குதிரைச் சவாரியும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், சாதாரண பாலிசிகள் பலவற்றில் இரண்டுமே இருக்காது.

மனைவியை நினைத்துத் தயங்க வேண்டாம். கோச்கோர் பக்கமிருந்து கல்மாக்-அஷூ கணவாய் வழியாக ஏரிக்கு வண்டிப் பாதை இருக்கிறது. அவர் ஜீப்பில் வந்து கூடாரத்தில் உங்களோடு சேர்ந்துகொள்ளலாம், ஆசை இருந்தால் ஏரிக்கரையில் சமதரையில் ஒரு மணி நேரம் ஏறிப் பார்க்கட்டும்.