செம்மரத்துக்குக் கழனி எதற்கு?

கேள்வி: ஐயா, சந்தையில் செம்மர விதை என்று அரைக்கிலோ வாங்கினேன். சிவப்பாகப் பளபளவென்று இருக்கிறது. பையில் போட்டு ஒரு மாதம் தண்ணீர் ஊற்றியும் முளைக்கவில்லை. நாலு விதை அனுப்பியிருக்கிறேன். ஏரிக்குக் கீழே ஒரு ஏக்கர் கழனியும், மேலே கொஞ்சம் கல்லுக்கொல்லையும் இருக்கின்றன. கழனியில் வைக்கலாமா? 15 வருஷத்தில் கோடி வரும் என்கிறார்களே?
- வாசகர், ஒடுகத்தூர்

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பியது ஆனைக்குண்டுமணி. மஞ்சாடி என்றும் சொல்வார்கள். தோல் அவ்வளவு கெட்டி. உப்புத்தாளில் தேய்த்து வெந்நீரில் ஊறப்போட்டால் முளைக்கும். முளைத்தாலும் வருவது வேறு மரம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பல்லாங்குழிக்குக் கொடுத்துவிடுங்கள்.

செம்மரத்து விதையில் பார்க்க ஒரு அழகும் கிடையாது. சருகு நிறத்தில் வட்ட நெற்று. சுற்றிலும் மெல்லிய இறக்கை, நடுவில் புடைப்பு, அதற்குள் பெரும்பாலும் ஒரே விதை. மாசி, பங்குனியில் முற்றும். உடைத்து விதை எடுக்கப் பார்க்காதீர்கள். இறக்கையைக் கத்தரித்துவிட்டு, நெற்றோடு இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் பாத்தியில் போடுங்கள். பாதி முளைத்தாலே நீங்கள் கெட்டிக்காரர். நாற்றாக வாங்கினால் இலையைப் பாருங்கள். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைதான் வழக்கம். ஐந்து, ஏழு என்று எண்ணினால் வேங்கை மர நாற்றைத் தலையில் கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

கழனி வேண்டவே வேண்டாம். கடப்பா, சித்தூர், நெல்லூர்ப் பக்கத்து மலைச்சரிவுகள்தான் இதற்குத் தாய்வீடு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் தானாக வளர்ந்த செம்மரக் காடு கிடையாது. சரளை மண், முழு வெயில், வருஷத்துக்குச் சுமார் 900, 1000 மி.மீ. மழை, அவ்வளவுதான் அது கேட்பது. காட்பாடியைத் தாண்டினால் சித்தூர் எல்லை. நம் வேலூர் வெயில் அதற்குப் பழகியதுதான். வேரில் தண்ணீர் நின்றால் மட்டும் தாங்காது. கல்லுக்கொல்லையில் 4 மீட்டர் இடைவெளியில் குழியெடுத்து, ஐப்பசி மழையில் நடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு உயிர்த்தண்ணீர் போதும்.

கோடிக் கணக்கு நாற்று விற்பவர் போடும் கணக்கு. விலை வைரம் பாய்ந்த கட்டைக்குத்தான், அதாவது அடிமரத்தின் நடுவில் இறுகிச் சிவந்த பாகத்துக்குத்தான். அது 20 வருஷத்துக்கு மேலும் இழுக்கும். உரமும் தண்ணீரும் கொட்டி அடிமரத்தைப் பருக்க வைத்தாலும் உள்ளே வைரம் அந்த வேகத்தில் ஏறாது.

காட்டில் வெட்டிக் கடத்தியே அழிவின் விளிம்புக்குத் தள்ளிய மரம் இது. 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. ஆகவே நட்டவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கல் என்ற ஊர்ப் பயிர்க்கணக்கில் ஏற்றிவிடுங்கள். வெட்டுவதற்கு முன் வனத்துறை அனுமதி வேண்டும். சொந்தப் பட்டா நிலம்தானே என்று கோடாலியை எடுத்துவிடாதீர்கள்.