மிஸ்ஸி அக்கா பதில்கள்: கைக்கடிகாரமும் இனிப்பு நீரும்

(பினாங்கில் நெடுங்காலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வாசகர்களின் உடல்நலக் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: மிஸ்ஸி அக்கா, என் கணவருக்கு 61 வயது. நெடுநாளாக இனிப்பு நீர் (நீரிழிவு). மாத்திரையோடு இன்சுலினும் உண்டு. போன மாதம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 120 வெள்ளிக்கு ஒரு கடிகாரம் வாங்கினார். ஊசி குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டுமாம். காலையில் 5.8 mmol/L. ரொட்டி சானாயும் தே தாரேக்குமாகப் பசியாறிவிட்டுப் பார்த்தால் 5.9. "இனி விரலில் குத்த வேண்டியதில்லை" என்கிறார். நம்பலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நம்பவே கூடாது. ரொட்டி சானாய்க்கும் தே தாரேக்குக்கும் அசையாத இனிப்பு நீரை நான் எந்த வார்டிலும் பார்த்ததில்லை. வீட்டில் வாழைப்பழம் இருந்தால் அதன்மேல் கட்டிப் பாருங்கள், பழத்துக்கும் 5.8 என்று காட்டினால் எனக்கு வியப்பில்லை. தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையைத் தானே அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. சர்க்கரை 3.5க்கு இறங்கிக் கை நடுங்கும்போதும் அந்தக் கடிகாரம் 5.8 என்றே சொன்னால் என்ன செய்வீர்கள்? இன்சுலின் போடுபவர் விஷயத்தில் இது விளையாட்டில்லை.

மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான சென்சர் வேறு. அதிலுள்ள மெல்லிய இழை தோலுக்கடியில் இருந்து உண்மையாகவே அளக்கிறது. விரல் ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கிக் காட்டும், அவ்வளவுதான். விலைதான் கையைக் கடிக்கும்.

அதற்காகக் கடிகாரத்தைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. நடைக்கணக்குக்கு வைத்துக்கொள்ளட்டும். ஒரு நாள் பசியாறுவதற்கு முன்பும், பிறகு இரண்டு மணி நேரம் கழித்தும் விரலில் குத்தி, அளவைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அதே உணவு. ஆனால் சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடக்கட்டும், சர்க்கரை இறங்கினால் வாயில் போடச் சட்டைப்பையில் மிட்டாயோடு. அன்றைய அடிகளையும் பக்கத்தில் குறிக்கட்டும். இப்படிச் சில நாள் மாற்றி மாற்றிச் செய்தால் நடை என்ன செய்கிறது என்பது அந்தத் தாளிலேயே தெரியும். மனைவி சொல்லிக் கேட்காத ஆண்கள் தங்கள் கையெழுத்துக்குக் கட்டுப்படுவார்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். நூறு வரைபடங்களைக் கைப்பேசியில் தள்ளிக் காட்டினால் மருத்துவருக்கு நேரம் இருக்காது; ஒரு தாளைப் படிப்பார்.

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். "ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம்" என்று கடிகாரம் சொல்வதைப் பார்த்தாலே மனம் சோர்ந்துவிடுகிறது. ஓய்வுநேர நாடித்துடிப்பும் 64லிருந்து 72 ஆகிவிட்டது. பயப்பட வேண்டுமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: தம்பி, ஆழ்ந்த தூக்கத்தைச் சரியாக அறிய மூளையின் மின்னலைகளைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டிலுள்ள கருவி உங்கள் அசைவையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதை ஓரளவு நம்பலாம். அந்த 40 நிமிடத்துக்காகக் கவலைப்பட்டு இருக்கிற தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

72 என்பது வழக்கமான அளவுக்குள்தான். ஆனால் உங்கள் 64 ஏன் ஏறியது என்று கேட்டது நல்ல கேள்வி. முதலில் வாரைப் பாருங்கள். கடிகாரத்தின் அடியிலுள்ள பச்சை விளக்கு தோலோடு ஒட்டியிருக்க வேண்டும்; மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்டுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு எண்ணின் பக்கத்தில் ஷிப்ட், காய்ச்சல், மது, கடைசிக் கோப்பி குடித்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே அகப்படும். நெஞ்சுவலி, மயக்கம், ஓய்விலும் படபடப்பு என்றால் குறிப்பு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பலத்த குறட்டையும் விழித்திருக்கும் நேரத்தில் தூக்கம் சொக்குவதும் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 67 வயது. தினமும் 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: வேண்டியதில்லை அம்மா. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரோடு பரவிய எண் அது. பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு. தண்ணீர்மலைப் பூங்காவில் மூச்சு சற்று வாங்க, ஆனால் பேச முடிகிற வேகத்தில் நடந்தால் போதும். பேரங்காடியில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை வீசாது. பல கடிகாரங்கள் அந்த அடிகளை விட்டுவிடும். அதைப் பார்த்து மனம் ஒடிந்து இருட்டிய பிறகு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடக்காதீர்கள்.