மூன்றடி இச்சியைத் தட்டைச் சாடியில் நட அவசரம் வேண்டாம்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் கடலுக்கு அருகே குடியிருக்கிறேன். நாற்றுமேடையில் மூன்றடி உயரமான இச்சிக் கன்று (ஆல், அத்தி இனத்து மரம்) ஒன்றைக் கறுப்புப் பையோடு வாங்கி வந்தேன். ஆழமில்லாத பொன்சாய்ச் சாடியும் வாங்கிவிட்டேன். இந்த ஆனி மாதத்திலேயே வேரை வெட்டி நட்டு, கம்பியும் கட்டிவிடலாமா? சென்ற வருடம் வரவேற்பறை மேசையில் வைத்த பொன்சாய் ஒன்று, தினமும் தண்ணீர் ஊற்றியும் இலை கொட்டிச் செத்துவிட்டது.

பதில்: சாடி அழகானதாகத்தான் இருக்கும். ஆனாலும் அதைத் துடைத்து அலமாரியில் வையுங்கள். இரண்டு வருடத்துக்கு அதற்கு வேலை இல்லை.

பொன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்பதுதான் பொருள். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் தட்டிலிருந்து தொடங்குகிறோம். உண்மையில் தட்டு கடைசியில் வருவது. வேர் ஓட இடமில்லாத சாடியில் அடிமரம் பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். இன்று பெருவிரல் பருமனில் நட்டால் ஐந்து வருடம் கழித்தும் கிட்டத்தட்ட அதே பெருவிரல்தான். அடிமரம் பருக்க வேண்டுமானால் அகலமான பெரிய சாடியில் விட்டு, ஓரிரு கிளைகளை வெட்டாமல் ஓட விட வேண்டும். ஓடுகிற கிளைதான் அடிமரத்தைப் பருக்க வைக்கும். பருத்த பிறகு அந்தக் கிளையை வெட்டி எறியலாம்.

இச்சியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. பழைய மதில் வெடிப்பில் ஒரு பிடி மண்கூட இல்லாமல் முளைத்து நிற்கும் சாதி அது. முதல் மரத்தில் நாம் செய்யும் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். காகிதப்பூவும் முன்னை மரமும் இந்த ஊருக்கு ஏற்றவையே. படங்களில் வரும் ஜூனிப்பர், ஜப்பானிய மேப்பிள் ஆகியவற்றை யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். அவற்றுக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். மார்கழி இரவிலும் 20 பாகை செல்சியசுக்குக் கீழே பெரும்பாலும் இறங்காத நம் கரையில் அவை மெல்ல மெல்ல மடியும்.

ஆனி மாதத்தில் வேரில் கை வைக்கக் கூடாது. கச்சான் என்னும் வறண்ட தென்மேல் காற்று வீசும் காலம் இது. வேரை வெட்டிய மரத்தால் போதிய தண்ணீரை உறிஞ்ச முடியாது. இலையோ வறண்ட காற்றில் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். புரட்டாதிக் கடைசியில் முதல் மழை விழுந்து காற்றில் ஈரம் ஏறியதும் செய்யுங்கள். தவறினால் மாசி, பங்குனி. ஒரே நாளில் வேர் வெட்டி, கிளை வெட்டி, கம்பி கட்டுவதும் கூடாது. என் முதல் புளியை அப்படித்தான் கொன்றேன். ஒரு காயம் ஆறித் துளிர் வந்த பிறகே அடுத்தது.

இப்போதைக்கு ஓர் ஈர்க்கால் மேல்மண்ணை ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் மெதுவாகக் கிளறிப் பாருங்கள். நாற்றுமேடைக் கன்றுகளைப் பெரும்பாலும் ஆழமாக நட்டிருப்பார்கள்; அடிமரம் விரிந்து வேராகும் இடம் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும். மரத்துக்கு முதுமையைத் தருவது அந்த இடம்தான். வேர்கள் எந்தப் பக்கம் அழகாக விரிகின்றனவோ அதுவே மரத்தின் முகம். முகம் தெரியாமல் எந்தக் கிளையையும் வெட்டாதீர்கள். பிறகு மண்ணை மூடிவிட்டு, உள்நோக்கி வளர்வது, ஒன்றை ஒன்று குறுக்கறுப்பது என்று இரண்டு மூன்று சிறு கிளைகளை மட்டும் எடுங்கள். பால் வடியும், ஈரத்துணியால் ஒற்றினால் நின்றுவிடும். மீதி வைக்கும் ஒவ்வொரு கிளையிலும் சில இலைகளாவது இருக்கட்டும்.

புரட்டாதியில் பையைக் கிழித்ததும், வேர்கள் பையின் வடிவிலேயே வட்டமாகச் சுற்றியிருப்பதைக் காண்பீர்கள். அவற்றைப் பிரித்து, சுற்றும் வேரையும் நேரே கீழே இறங்கும் தடித்த வேரையும் வெட்டுங்கள். முதல் முறை மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். முற்றத்து மண்ணைப் போடாதீர்கள். அது சாடிக்குள் இறுகிவிடும். உடைந்த கூரை ஓடுகளை நொறுக்கி, அரிதட்டில் தூளை நீக்கி, 2 முதல் 5 மில்லிமீற்றர் அளவுத் துண்டுகளை எடுங்கள். அதில் இரண்டு பங்கு, கழுவிய பருமனான ஆற்று மணல் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு. வீட்டு வாசலில் கிடக்கிறதே என்று கடல் மணலை மட்டும் அள்ளிவிடாதீர்கள். அகலமான பெரிய சாடியில் நட்டபின் அதன் அடித்துளை வழியே கம்பி கொடுத்து வேர்த்தொகுதியை இறுகக் கட்டுங்கள். மரம் காற்றில் ஆடினால் புதிய வேர் அறுந்துகொண்டே இருக்கும்.

கம்பி கட்டுவது அதற்கும் பிறகு. கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்குள்ள அலுமினியக் கம்பி போதும்; சாய்வாக, இடைவெளி சீராகச் சுற்ற வேண்டும். இச்சி வேகமாகப் பருக்கும், ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். பட்டையில் பதியத் தொடங்கினால் சுற்றிக் கழற்றாமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். எந்த வடிவில் வளைப்பது என்ற குழப்பம் இருந்தால், கடலோரத்தில் காற்று ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கும் மரங்களை ஒரு மாலை நின்று பாருங்கள்.

சென்ற வருடத்து மரம் பெரும்பாலும் இருட்டில் பட்டினி கிடந்து இறந்திருக்கும். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் வரவேற்பறை மரத்துக்கு இருட்டு. வெளிச்சம் குறைந்தால் அது குடிக்கும் தண்ணீரும் குறையும். நீங்களோ தினமும் ஊற்றினீர்கள், வேர் அழுகியது. இச்சி வெளியில்தான் இருக்க வேண்டும். காலை வெயில் படுகிற, கச்சான் நேராக அடிக்காத விறாந்தை ஓரம் நல்லது. விரலை மண்ணில் அரை அங்குலம் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளையால் ஒழுகும்வரை ஊற்றுங்கள். உங்கள் கிணறு சவராக இருந்தால் உப்பு சாடியில் தேங்கி இலையோரம் கருகும். முடிந்தால் மழைநீரைப் பிடித்து, மூடி வைத்துப் பயன்படுத்துங்கள். உப்புக்காற்று படும் இலைகளையும் அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

சாடிக்குக் கீழே தண்ணீர் நிற்கும் தட்டு வேண்டாம், இரண்டு செங்கல் வையுங்கள். தேங்கிய தட்டில் டெங்கு நுளம்பு முட்டையிட்டால், உங்கள் பொன்சாயை முதலில் பார்க்க வருபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருப்பார்.