சம்பளம் நின்னப்புறம் ரைடர் கட்டணுமா?

கேள்வி: எனக்கு 52 வயசு, 54ல வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். ஆபீஸ் இன்சூரன்ஸ் இருக்கு, தனியா கம்பெனில எடுத்த பிரைவேட் ஆஸ்பத்திரி ஷீல்டு பிளானும், பில்லுல நம்ம பங்கக் குறைக்கிற ரைடர்ங்கிற கூடுதல் பாலிசியும் வச்சிருக்கேன். அத எடுத்தப்ப சுகர் இல்ல, இப்ப மாத்திரை ஓடுது. எல்லாத்தையும் நிறுத்திட்டு அரசாங்கத்தோட அடிப்படை ஆஸ்பத்திரி இன்சூரன்ஸான மெடிஷீல்டு லைஃப் மட்டும் வச்சுக்கலாமா?
- வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அண்ணே, ஆபீஸ் இன்சூரன்ஸ கணக்குலேயே சேக்காதீங்க, வேலை போனா பெரும்பாலும் அதுவும் கூடவே போயிடும். மெடிஷீல்டு லைஃப் கடைசி வரைக்கும் இருக்கும், சுகர் இருக்குன்னு வெளிய தள்ளாது, பிரீமியத்த முழுசா மெடிசேவ்லேர்ந்தே (சம்பளத்துலேர்ந்து மருத்துவத்துக்குன்னு சேர்ற கணக்கு) கட்டிக்கலாம். ஆனா அது அரசாங்க ஆஸ்பத்திரில மானியம் கிடைக்கிற பி2, சி வார்டு பில்லுக்கு அளவெடுத்த பிளான், அத மட்டும் நம்பி பிரைவேட்ல போய் படுத்தா பில்லுல கொஞ்சந்தான் கிடைக்கும்.

இடிக்கிறது ரைடர்தான். ஷீல்டு பிளான்ல மெடிஷீல்டு லைஃபுக்கு மேல இருக்கிற கூடுதல் பகுதியோட பிரீமியத்துக்கு உங்க வயசுல மெடிசேவ்லேர்ந்து வருஷத்துக்கு 600 வெள்ளி, எழுபது தாண்டினா 900 வெள்ளி வரைக்குந்தான் எடுக்கலாம், மிச்சம் கைக்காசு. ரைடருக்கோ மெடிசேவ்ல ஒரு காசு எடுக்க முடியாது. கம்பெனியோட பிரீமியம் அட்டவணைய வாங்கி 52ங்கிற வரிய விட்டுட்டு 75, 80 வரில விரல வச்சுப் பாருங்க, ஏஜென்ட் அந்தப் பக்கத்த அவரா திருப்பிக் காட்ட மாட்டாரு. சம்பளம் இல்லாம அந்தத் தொகைய வருஷா வருஷம் கட்ட முடியுமான்னு வீட்டுல உக்காந்து பேசுங்க.

முடியாதுன்னு தோணுச்சுன்னா, மொத்தமா நிறுத்துறத விட அதே கம்பெனில அரசாங்க ஆஸ்பத்திரி ஏ இல்லன்னா பி1 வார்டு பிளானுக்கு இறங்குறதுதான் எனக்கு சரியா படுது. கீழ இறங்குறதுக்கு பொதுவா உடம்பு பத்தி கேள்வி வராது, திரும்ப மேல ஏறணும்னாதான் வரும். மலிவா இருக்குன்னு வேற கம்பெனிக்குத் தாவாதீங்க, அங்க புதுசா விண்ணப்பம், சுகர் சம்பந்தப்பட்டதெல்லாம் கவர் இல்லன்னு எழுதிடலாம். பழைய ரைடர நிறுத்துறதுக்கு முன்னாடியும் யோசிங்க, 2026 ஏப்ரல் 1லேர்ந்து வர்ற புது ரைடர்ல குறைந்தபட்ச டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் குடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பில்லுல நாம கட்டுற தொகை) கவர் ஆகாது, அத நீங்கதான் கட்டணும்.

இன்னொன்னு, வேலைய விட்டா மெடிசேவ்ல மாசாமாசம் விழுற காசும் நின்னுடும், பிரீமியம் மட்டும் போயிட்டே இருக்கும். குறைஞ்சது 4% வட்டி வருது, கைல மிச்சமிருந்தா உச்சவரம்பு வரைக்கும் இப்பவே போட்டு வைங்க. சுகர் மாத்திரைக்கு பாலிகிளினிக் போதும், அந்த பில்லுக்கும் மெடிசேவ் எடுக்கலாம்.