யாரும் வீடியோ பார்க்காமலேயே காலையிலேயே 1.5 ஜிபி தீர்ந்துவிடுகிறது. என் போனை யாராவது ஹேக் செய்கிறார்களா?

ஹேக் எல்லாம் இருக்காதுங்க. தினம் 1.5 ஜிபி பேக் போடுகிற நம்மை ஹேக் பண்ணி அவனுக்கு என்ன கிடைக்கப்போகிறது? உங்கள் கேள்வியில் "வீட்டில் எல்லாரும் என்னையே சொல்கிறார்கள்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் வருவதில்லை.

நேரமில்லாதவர்கள் இதை மட்டும் செய்துவிட்டுப் போகலாம். செட்டிங்ஸில் சிம் இருக்கிற இடத்துக்குள் போனால் எந்த ஆப் எவ்வளவு டேட்டா எடுத்தது என்று ஒரு பட்டியல் வரும். அதில் ஹாட்ஸ்பாட் அல்லது டெதரிங் (நம் போனின் நெட்டை வேறு போனுக்குப் பகிர்வது) என்று ஒரு வரி இருக்கிறதா, அதற்கு நேராக எத்தனை ஜிபி என்று பாருங்கள். போனுக்குப் போன் மெனுவின் பெயர் மாறும். "என் போனில் அப்படி இல்லையே" என்று கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள், தேடினால் கிடைக்கும். எனக்கு அந்த ஒரு வரியின் அர்த்தம் புரிய ஐந்து வாரம் ஆனது. அதற்குள் என் வீட்டில் ஒரு சண்டை, பக்கத்து வீட்டில் ஒரு சண்டை.

எங்கள் ஊர் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் ராமேஸ்வரம் துறையிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். திங்கள், புதன், சனி காலையில் போனால் மறுநாள் விடிகாலை கரைக்கு வருவார். கொஞ்ச தூரம் ஓடியதும் சிக்னல் போய்விடும் என்பதால் அவர் நம்பருக்கு டேட்டா போடுவதில்லை, பேசுவதற்கு மட்டும் ஒரு சின்ன ரீசார்ஜ். வீட்டில் டேட்டா இருப்பது என் போனில்தான். நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன், பிளவுஸ் டிசைன் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். ஆக டேட்டா தீர்ந்தால் யார் மேல் பழி வரும்?

2025 ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து படகுகள் போன முதல் வாரத்திலேயே ஆரம்பித்தது. காலை ஏழே முக்காலுக்கு "இன்றைய டேட்டாவில் 90 சதவீதம் பயன்படுத்திவிட்டீர்கள்" என்று எஸ்எம்எஸ். எட்டரைக்கு முழுதும் காலி. அப்புறம் ராத்திரி பன்னிரண்டு மணி வரை 64 கேபிபிஎஸ்தான். ஒரு பிளவுஸ் போட்டோ இறங்குவதற்குள் சோறு வடித்துவிடலாம்.

அத்தை, அதாவது என் மாமியார், வாசலில் உட்கார்ந்து கருவாடு பிரித்துக்கொண்டே, நேராக என்னிடம் சொல்லாமல் தெருவைப் பார்த்துச் சொல்லும். "காசு போட்டா ஒரு பொழுது தாங்க மாட்டேங்குது. அப்படி என்னத்தத்தான் பாக்குறாளோ, யார்கிட்டத்தான் பேசுறாளோ." அந்தக் கடைசிச் சொல்தான் குத்தியது. வீட்டுக்காரர் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் என் போனை எடுத்துச் சும்மா தள்ளித் தள்ளிப் பார்த்தார். சும்மா பார்ப்பதற்கும் தேடுவதற்கும் வித்தியாசம் தெரியாதா எங்களுக்கு?

(அத்தையைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்தது பாம்பன் சின்னப்பாலம், பதினாலு வயதிலிருந்து கடலுக்குள் இறங்கிப் பாசி எடுத்த கை. விரலுக்கெல்லாம் துணி சுற்றிக்கொண்டு முங்கினாலும் பாறை அறுக்காமல் விடுமா? விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது, ரேகையே இல்லை. ரேஷன் கடை மிஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாலும் ஏற்காது. எண்ணெய் தடவு, கழுவு, துடை, மறுபடி வை. அதற்குள் மிஷினுக்கு நெட் போய்விடும். பொருள் போடுகிறவர் "நாளைக்கு வாம்மா" என்பார். ஒரு மாதம் அரிசிக்காக நாலு தடவை நடந்தது. வேறு வழி இருக்கிறது, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பொருள் தரலாம் என்று நான் போய்ச் சண்டை போட்ட பிறகுதான் கிடைத்தது. கடலில் முங்கிப் பிழைத்த பொம்பளைக்குத் தன்னைத் தானென்று நிரூபிக்க ஒரு விரல் இல்லை. இது நீங்கள் கேட்ட கேள்வி இல்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.)

சரி, டேட்டாவுக்கு வருகிறேன். முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வாட்ஸ்அப்பில் போட்டோ, வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தினேன். பிளே ஸ்டோரில் ஆப் அப்டேட்டை வைஃபையில் மட்டும் என்று வைத்தேன். யூட்யூப் தரத்தைக் குறைத்தேன். டேட்டா சேவரைப் போட்டேன். இதெல்லாம் செய்ய வேண்டியதுதான், உங்களுக்கு இதிலேயே சரியானாலும் ஆகலாம். எனக்கு ஆகவில்லை. வேண்டாத ஆப்களை எடுத்துவிட்டேன், அப்புறமும் ஏழே முக்காலுக்கு எஸ்எம்எஸ் வந்தது.

கொழுந்தன் ஒரு யோசனை சொன்னார்: "அண்ணி, இது சிலோன் டவர் இழுக்குது." தனுஷ்கோடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே நின்றால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்து வரவேற்பு மெசேஜ் காட்டும். தலைமன்னார் கடல் தாண்டி 30 கிலோமீட்டருக்குள்தான். அதற்காக டேட்டா போய்விடாது. வெளிநாட்டு ரோமிங் பேக் போடாத ப்ரீபெய்டு சிம்மில் பொதுவாக அங்கே நெட்டே ஓடாது. பயமாக இருந்தால் டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் போக, நான் தங்கச்சிமடத்தில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சிலோன் டவர் அடுப்படிக்குள் வந்து இழுக்குமா?

பிறகு போன் கடைத் தம்பியிடம் கொண்டுபோனேன். அவன்தான் அந்தப் பட்டியலைத் திறந்து காட்டினான். வாட்ஸ்அப் 3.1 ஜிபி, யூட்யூப் 2.4. அதற்கெல்லாம் மேலே டெதரிங் என்று ஒன்று, 14.6 ஜிபி. அந்த வரியை நான் அதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன். ஏதோ போனின் உள் சமாச்சாரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். பி.காம் படித்தவளுக்கு இது தெரியாதா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், பி.காமில் டெதரிங் கிடையாது. "அக்கா, உங்க ஹாட்ஸ்பாட்ல யாரோ குடிக்கிறாங்க" என்றான்.

என் ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு ஒன்றிலிருந்து எட்டு வரை. பக்கத்து வீட்டில் பன்னிரண்டாவது படிக்கிற பையன். எங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் எப்போதும் போன் பார்ப்பான். போதாதா? நேராகப் போய் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "கேட்டா குடுத்திருப்பேன்ல அக்கா, இப்படித் திருடலாமா" என்று ஒரு வார்த்தையும் சேர்த்து விட்டேன். அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. போனை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க சித்தி" என்றான். நான் வாங்கவில்லை, திரும்பி வந்து பாஸ்வேர்டை மாற்றினேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கள் முழுக்க டேட்டா தீராமல் நின்றது. ராத்திரி பதினோரு மணிக்குக்கூட அரை ஜிபி மிச்சம். அத்தையிடம் போய்க் காட்டினேன். எழுத்தறியாத பொம்பளை அதைப் பார்த்து என்ன செய்யும், ஆனாலும் காட்டினேன்.

செவ்வாய் விடிகாலை வீட்டுக்காரர் வந்தார். "நெட்டு வரலையே புள்ள" என்றார். புதுப் பாஸ்வேர்டைச் சொன்னேன். ஏழே முக்காலுக்கு எஸ்எம்எஸ்.

அன்றைக்குத்தான் காலண்டரைப் பார்த்தேன். தொழிலுக்குப் போகிற நாளில் பங்குக் கணக்குக்காகக் காலண்டர் தாளில் 'கடல்' என்று எழுதி வைப்பது என் பழக்கம். போனில் இருந்த எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் தேதிவாரியாகப் பக்கத்தில் பென்சிலால் குறித்தேன். செவ்வாய், வியாழன், ஞாயிறு. செவ்வாய், வியாழன், ஞாயிறு. நடுவில் ஒரே ஒரு வியாழன் மட்டும் விட்டுப்போயிருந்தது. அதற்கு முந்தின புதன் கச்சான் காற்று பலமாக இருந்ததால் மீன்துறை அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை, படகு போகவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் தூங்குகிற மனுஷனையும் தலைமாட்டில் சார்ஜில் கிடக்கிற போனையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் ஒன்றும் பார்ப்பதில்லை. வந்ததும் ஹாட்ஸ்பாட் கேட்பார், அண்ணனுக்கு இறால் எவ்வளவு பட்டது என்று வாய்ஸ் மெசேஜ் போடுவார், சார்ஜில் போட்டுப் படுத்துவிடுவார். அதற்கு அஞ்சு எம்பி ஆகுமா? வேலையைச் செய்தது கூகுள் போட்டோஸ், போனில் எடுக்கிற போட்டோ, வீடியோவையெல்லாம் தானாக நெட்டில் ஏற்றிச் சேமித்து வைக்கிற ஆப். வலையின் மடியை அவிழ்த்து மீன் கொட்டுவதை எடுப்பது அவருக்கு ஒரு ஆசை. காரலும் கணவாயும் நண்டுமாகத் தளம் முழுக்கப் பரவ, விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். பின்னால் வலை இழுக்கிற விஞ்ச் சத்தத்தில் ஒருவர் பேசுவதும் கேட்காது. நல்லாத்தான் இருக்கும். ஆனால் கேமரா ஃபோர்-கேயில், அதாவது ரொம்பத் தெளிவாக எடுத்து ரொம்ப இடம் பிடிக்கிற தரத்தில், இருந்தது. அந்த ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்தபோது, நடுப்பாலம் அப்படியே மேலே ஏறுவதை எடுப்பதற்காகக் கொழுந்தன் மாற்றிக் கொடுத்தது, மாற்றியபடியே கிடந்தது. ஃபோர்-கேயில் ஒரு நிமிட வீடியோ சுமார் 350 எம்பி. மூன்றரை நிமிடம் எடுத்தால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கரைக்கு வந்து, ஹாட்ஸ்பாட் கிடைத்து, சார்ஜிலும் கிடந்தால் அது மொத்தத்தையும் மேலே ஏற்றுகிறது. போதாததற்கு ஆப் அப்டேட்டுகள் வேறு.

இங்கே ஒருவர் கேட்பார், "போட்டோஸ் பேக்கப் வைஃபையில் மட்டும்தானே நடக்கும்?" ஆமாம். ஹாட்ஸ்பாட்டும் அவர் போனுக்கு வைஃபைதானே! ஆண்ட்ராய்டு போன் இன்னொரு ஆண்ட்ராய்டின் ஹாட்ஸ்பாட்டைப் பொதுவாக 'இது அளந்து கொடுக்கிற நெட்' என்று கண்டுகொண்டு அடக்கியே வாசிக்கும். ஆனால் அவர் போனில் வைஃபை பட்டியலில் என் போன் பெயரைத் தொட்டுப் பார்த்தால் 'மீட்டர் இல்லாதது' என்று மாற்றி வைத்திருந்தது.

மாற்றியது யார் தெரியுமா? நான்தான். தடைக்காலத்தில், மே மாதம், அவர் பேங்க் ஆப் வேலை செய்யவில்லை. அப்டேட் வைஃபைக்காகக் காத்திருக்கிறது என்றே காட்டிக்கொண்டிருந்தது. யாரோ வீடியோவில் சொன்னதைப் பார்த்து அதை மாற்றினேன், ஆப் இறங்கியது, நான் மறந்துபோனேன். அப்போது அவர் படகுக்கே போகாததால் வீடியோவும் இல்லை, டேட்டாவும் தீரவில்லை. இதில் ஒரு வேடிக்கை, சேமித்து வைக்கக் கூகுள் சும்மா கொடுக்கிற 15 ஜிபி இடத்தில் 13க்கு மேல் அவருடையது நிரம்பிவிட்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் இடமில்லாமல் தானாகவே நின்றிருக்கும். பையன்தான் திருடினான் என்று நான் செத்தாலும் நம்பியிருப்பேன்.

மே மாத விஷயத்தை அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. கேமராதான் காரணம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், அது பொய்யும் இல்லை. வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவர் அன்றைக்கு என் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி பண்ணியது பத்து நிமிட வேலை. அவர் போனில் அந்த வைஃபை பெயரை மறுபடி 'மீட்டர் உள்ளது' என்று வைத்தேன். பேக்கப்பை அணைத்தேன். கேமராவை 1080க்கு இறக்கினேன், அதில் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பிதான். என் போனில் ஹாட்ஸ்பாட்டுக்கே ஒரு அளவு வைக்கிற வசதி இருந்தது, ஒரு தடவைக்கு 200 எம்பி என்று போட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் லேப்டாப் யாராவது ஹாட்ஸ்பாட்டில் போடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். விண்டோஸ் பொதுவாகத் தானாகப் பார்த்து அடக்காது, அப்டேட்டை இழுத்துவிடும். அதிலும் அந்த இணைப்பை 'மீட்டர்' என்று நாம்தான் வைக்க வேண்டும். வீட்டில் தனியாக வைஃபை வைத்திருப்பவர்கள், சிக்னல் மெலிந்தால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவுகிறதா என்றும் பாருங்கள். ஐபோனில் அதற்கு வைஃபை அசிஸ்ட் என்று பெயர்.

"வீட்டுக்கு வைஃபை போட்டால் தீர்ந்தது" என்று எழுதப்போகிறவர்களுக்கு: படகு போகாத மாதங்களில் அந்தப் பில்லை நீங்கள் கட்டுவீர்களா?

பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "சரி விடு" என்றார், ஆனால் முறுக்குத் தட்டு இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. பையனிடம் புதுப் பாஸ்வேர்டை எழுதிக்கூடக் கொடுத்தேன். "வேணாம் சித்தி, என்கிட்ட டேட்டா இருக்கு" என்றான். இப்போது எங்கள் சுவர் ஓரம் உட்காருவதில்லை.

நீங்கள் முதலில் ஒரு வாரத்துக்கு அந்த 90 சதவீத எஸ்எம்எஸ் எந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதுங்கள். அன்றைக்கு வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் போன் சார்ஜில் கிடந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதைக் கீழே போட்டால் பார்த்துச் சொல்கிறேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் வருவேன், அதுவரை தையல் இருக்கிறது.